வாங்குகிறவர்கள் நாம், விலை கொடுப்பது யார்?

#1 இளவேனில்

வேறொரு இழையில் பேராசை பற்றிப் பேச்சு வந்தபோது பெரும்பாலானவர்கள் அதைத் தனிமனிதக் குணமாகவே பார்த்தார்கள். அவரவர் மனசை அடக்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அந்த இழையைத் திசைதிருப்ப வேண்டாமே என்று தனியாகத் தொடங்குகிறேன்.

நான் சொல்ல வருவது இதுதான். ஒரு பொருளுக்கு நாம் கொடுக்கிற காசு அதன் முழு விலை இல்லை. மீதியை அந்தப் பேரத்திலேயே இல்லாத யாரோ கொடுக்கிறார்கள். அது கண்ணில் படாத வரைக்கும் நமக்குப் பேராசை என்றே தோன்றாது. மலிவு, வசதி, வளர்ச்சி என்றுதான் தோன்றும்.

ஆரல் கடலை எடுத்துக்கொள்ளுங்கள். கசாக்ஸ்தானுக்கும் உஸ்பெகிஸ்தானுக்கும் நடுவே இருக்கிறது. பேர்தான் கடல், உண்மையில் ஏரி. 1960 வாக்கில் சுமார் 68,000 சதுர கிலோமீட்டர் பரப்போடு உலகின் நான்காவது பெரிய ஏரியாக இருந்தது. ஆமு தாரியா, சிர் தாரியா என்ற இரண்டு ஆறுகள்தான் அதற்கு உயிர். பருத்தி விளைச்சலைப் பெருக்க வேண்டும் என்று சோவியத் அரசு அந்த இரண்டு ஆறுகளையும் பாலைவனத்துக்குள் திருப்பியது. காரகும் கால்வாயின் பெரும்பகுதியை வெறும் மண்ணில் வெட்டி விட்டதோடு சரி, தளம் எதுவும் போடவில்லை. அதில் விட்ட தண்ணீரில் கணிசமான பங்கு வயலுக்குப் போய்ச் சேருவதற்கு முன்பே மணலுக்குள் இறங்கியது. 2007 வாக்கில் ஏரி பழைய பரப்பில் பத்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது.

மொய்னாக் என்ற ஊர் அந்த ஏரிக்கரையில் மீன்பிடித் துறைமுகமாக இருந்தது. இப்போது தண்ணீர் அந்த ஊரிலிருந்து 100 கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. மீன்பிடிக் கப்பல்கள் மணலில் துருப்பிடித்து நிற்கின்றன. மீன் பதனிடும் ஆலையை மூடக்கூடாதே என்று தொலைதூரக் கடல்களிலிருந்து உறைந்த மீனைக் கொண்டுவந்து கொஞ்ச காலம் ஓட்டிப் பார்த்தார்கள், அதுவும் நிலைக்கவில்லை. காய்ந்த ஏரிப்படுகையில் உப்பும், பல ஆண்டுகளாகப் பருத்தி வயல்களிலிருந்து வடிந்து வந்த பூச்சிக்கொல்லியும் படிந்திருந்தன. காற்றடித்தால் அது புழுதிப்புயலாகக் கிளம்பி ஊருக்குள் வரும். மூச்சுநோய், இரத்தசோகை, பிறந்த குழந்தைகளின் சாவு எல்லாம் அந்த வட்டாரத்தில் கூடின.

வடக்கே 2005இல் கோக் அரால் அணையைக் கட்டி ஒரு சிறு பகுதியை மீட்டிருக்கிறார்கள். அங்கே தண்ணீர் ஏறி மீனும் திரும்பியிருக்கிறது. தெற்குப் பகுதிக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

அந்தப் பருத்தியில் நெய்த துணியை உடுத்தியவர்கள் யாரும் மொய்னாக் மக்களுக்குக் கெடுதல் நினைத்தவர்கள் இல்லை. அதனால்தான் ‘மனசை அடக்கு’ என்ற அறிவுரை மட்டும் இங்கே போதாது என்கிறேன். மற்றவர்கள் என்ன நினைக்கிறீர்கள்?

#2 திசைமானி

நல்ல தொடக்கம் சகோதரி. ஆனால் தனிமனிதனை இவ்வளவு சுலபமாக விட்டுவிடக் கூடாது. யாரும் நம் கழுத்தில் கத்தி வைத்து வாங்கச் சொல்வதில்லை. நன்றாக ஓடுகிற போனைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு வாங்குகிறோம். அலமாரி நிறைய துணி இருந்தாலும் உடுத்த ஒன்றுமில்லை என்கிறோம். இதற்கெல்லாம் அரசையும் கம்பெனியையும் குற்றம் சொல்லிக்கொண்டே இருந்தால் நாம் எப்போது மாறுவது?

#3 பேரேடு

பொருளாதாரம் படித்தவன் என்ற முறையில் ஒரு திருத்தம். ஆரல் கடலை வற்ற வைத்தது நுகர்வோரும் இல்லை, சந்தையும் இல்லை. அது ஒரு கம்யூனிச அரசின் திட்டம். அதைக் கொண்டுவந்து நுகர்வு வெறிக்கு உதாரணம் காட்டுவது பொருந்தாது.

#4 இளவேனில்

பேரேடு, நியாயமான கேள்வி. நான் அதை வேண்டுமென்றேதான் எடுத்தேன். பேராசை என்றதும் முதலாளி, லாபம் என்று மட்டும் நினைக்கிறோம். அங்கே லாபத்தின் இடத்தில் உற்பத்தி இலக்கு இருந்தது. இந்த வருடம் இத்தனை டன், அடுத்த வருடம் அதைவிட அதிகம். ஏரி சுருங்கும் என்பது திட்டம் போட்டவர்களுக்குத் தெரியாத விஷயம் இல்லை. தெரிந்தும், பருத்தியின் மதிப்பு ஏரியின் மதிப்பைவிட அதிகம் என்று கணக்குப் போட்டார்கள். மீனவன் அந்தக் கணக்கில் ஒரு வரியாகக்கூட வரவில்லை. கொடி எந்த நிறமாக இருந்தாலும் ‘இன்னும் இன்னும்’ என்பது ஒன்றுதான்.

திசைமானி, உங்களுக்கான பதிலைப் பிறகு சொல்கிறேன். நீங்கள் சொல்வதில் பாதி எனக்கும் சம்மதமே.

#5 ஸ்பேனர்

நான் வீட்டுச் சாதனங்களைப் பழுது பார்க்கிறவன். ‘நன்றாக ஓடுகிறதைத் தூக்கிப் போடுகிறார்கள்’ என்று திசைமானி சொன்னார். அப்படிச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலானோர் பழையதையே வைத்துக்கொள்ள ஆசைப்படுகிறவர்கள்தான். முடியாமல் போவதற்கு வேறு காரணம் இருக்கிறது. கையால் தொட்டுப் பார்த்ததைச் சொல்கிறேன்.

வாஷிங் மெஷினில் துணி பிழியும்போது கரகரவென்று பெரிய சத்தம் வந்தால் பெரும்பாலும் டிரம் சுழலத் தாங்குகிற பேரிங் போயிருக்கும். முதலில் ரப்பர் சீல் தேய்ந்து தண்ணீர் கசியும். அந்தத் தண்ணீர் பேரிங்குக்குள் இறங்கித் துருப்பிடிக்கும். பழைய மெஷின்களில் டிரம்மைச் சுற்றித் தண்ணீர் நிற்கிற வெளி டப்பை இரண்டு பாதியாகச் செய்து சுற்றிலும் ஸ்க்ரூ போட்டு முடுக்கியிருப்பார்கள். கழற்றி, பழைய பேரிங்கைத் தட்டி எடுத்துவிட்டு, புது பேரிங்கும் சீலும் போட்டு மாட்டினால் முடிந்தது. மெஷின் இன்னும் பல வருடம் ஓடும். இப்போது வருகிற பலவற்றில் அந்த இரண்டு பாதியையும் சூடாக்கி ஒட்டிவிடுகிறார்கள். ஸ்க்ரூவே கிடையாது. உள்ளே இருக்கிற ஒரு சின்ன பேரிங்கை மாற்ற டிரம்மோடு சேர்த்து முழு டப் செட்டையும் வாங்கச் சொல்கிறது கம்பெனி. அதற்கு ஆகிற செலவைக் கேட்டதும் வாடிக்கையாளர் புது மெஷினே வாங்கிவிடுகிறார். மோட்டார் நன்றாக இருக்கும், போர்டு நன்றாக இருக்கும், பாடியில் ஒரு கீறல்கூட இருக்காது. எல்லாம் காயலான் கடைக்குப் போகும். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

இங்க்ஜெட் பிரிண்டர் இன்னொன்று. அது மை வரும் தன் ஹெட்டைச் சுத்தம் செய்ய ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மையை அடியில் இருக்கிற ஒரு பஞ்சுப் பட்டையில் பீய்ச்சும். எவ்வளவு மை விழுந்தது என்று உள்ளே ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருக்கும். குறிப்பிட்ட எண்ணை எட்டியதும் சர்வீஸ் தேவை என்று காட்டிவிட்டுப் பிரிண்டர் நின்றுவிடும். பஞ்சை மாற்றுவது சின்ன வேலை. ஆனால் மாற்றினாலும் கணக்குப் பூஜ்யத்துக்குப் போகாது. அதற்கான மென்பொருளைப் பல கம்பெனிகள் வெளியே கொடுப்பதில்லை.

இது புது வழக்கமும் இல்லை. 1924இல் ஒஸ்ராம், ஃபிலிப்ஸ் உள்பட உலகின் பெரிய பல்பு கம்பெனிகள் ஜெனிவாவில் கூடி ஃபீபஸ் என்ற பெயரில் ஒரு கூட்டணி அமைத்தன. அப்போது 1,500 மணி, 2,000 மணி நேரம் எரிந்துகொண்டிருந்த பல்புகளை 1,000 மணிக்குக் குறைப்பது என்று பேசி முடித்தார்கள். ஒவ்வொரு தொழிற்சாலையிலிருந்தும் மாதிரி பல்புகளை வாங்கி எரித்துப் பார்த்தார்கள். குறித்த நேரத்தைவிட அதிகமாக எரிகிற பல்பைச் செய்த கம்பெனிக்கு அபராதம். நன்றாகச் செய்ததற்காக அபராதம்! இரண்டாம் உலகப் போர் வந்து அந்தக் கூட்டணி உடைந்தது.

வாங்குகிறவர் ஆசையை அடக்கினாலும் ஒட்டி வைத்த டப் திறந்துகொள்ளாது, திசைமானி.

#6 பேரேடு

ஃபீபஸ் கதையில் ஒரு மறுபக்கம் உண்டு. டங்ஸ்டன் இழை பல்பு அதிக நாள் எரிய வேண்டுமானால் இழையைக் குறைந்த சூட்டில் வைக்க வேண்டும். அப்போது வெளிச்சம் மங்கும், அதே வெளிச்சத்துக்கு மின்சாரம் அதிகம் செலவாகும். 1,000 மணி என்பது அந்த இரண்டுக்கும் நடுவே ஓரளவு நியாயமான புள்ளி என்று பொறியாளர்கள் வாதிட்டிருக்கிறார்கள்.

அதைவிட முக்கியமானது வேலை. எல்லாரும் வாங்குவதைக் குறைத்தால் ஆலை மூடப்படும். ஆலை மூடினால் முதலில் தெருவுக்கு வருவது முதலாளி இல்லை, தொழிலாளி. 1930களின் பெருமந்தத்தில் நடந்தது அதுதான். ஒருவரின் செலவுதான் இன்னொருவரின் வருமானம். இதை நான் ஏதோ கம்பெனிகளுக்கு வக்காலத்து வாங்கச் சொல்லவில்லை. வேலை போன குடும்பம் என்ன பாடுபடும் என்பதைக் கிட்டத்தில் இருந்து பார்த்தவன் நான். ‘குறைவாக வாங்குவோம்’ என்று சொல்கிறவர்கள் அந்தக் குடும்பத்துக்கு என்ன பதில் வைத்திருக்கிறீர்கள்?

#7 ஸ்பேனர்

பல்பு விஷயத்தில் நீங்கள் சொல்லும் அறிவியல் சரிதான். அப்படியென்றால் இரண்டு வகை பல்பையும் விற்று, எது வேண்டும் என்று வாங்குகிறவரையே தேர்ந்தெடுக்கச் சொல்லியிருக்கலாமே. ரகசியமாகக் கூடி அபராதப் பட்டியல் போட வேண்டிய அவசியம் என்ன?

வேலை பற்றி: பழுது பார்ப்பதும் வேலைதான் சார். அதுவும் அந்தந்த ஊரிலேயே கிடைக்கிற வேலை.

#8 இளவேனில்

பேரேடு கேட்ட கேள்விதான் இந்த இழையிலேயே முக்கியமானது. சாக்குப்போக்கு சொல்லாமல் பதில் சொல்ல வேண்டிய கேள்வி. கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து கடலில் நடந்ததை வைத்துச் சொல்கிறேன்.

அங்கே காட் மீன் ஐந்நூறு ஆண்டுகளாக மக்களுக்குச் சோறு போட்டது. சிறு படகு, தூண்டில், கரையோர வலை. 1950களுக்குப் பிறகு பல நாடுகளிலிருந்தும் தொழிற்சாலைக் கப்பல்கள் வந்தன. அவை கடலடியையே வாரிக்கொண்டு போகும் இழுவைக் கப்பல்கள். பிடித்த மீனை அங்கேயே வெட்டி உறைய வைத்துவிடுவார்கள், இரவு பகல் கிடையாது. 1968இல் பிடிப்பு சுமார் 8 லட்சம் டன்னைத் தொட்டது. அப்புறம் மளமளவென்று சரிந்தது. 1977இல் கனடா தன் கடல் எல்லையை 200 மைலுக்கு நீட்டி வெளிநாட்டுக் கப்பல்களை விரட்டியது. பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்திருப்பீர்கள். இல்லை. வெளிநாட்டார் விட்டுப்போன இடத்தில் உள்நாட்டு இழுவைக் கப்பல்களை இறக்கினார்கள்.

கரையோர மீனவர்கள் 1980களிலேயே கத்தினார்கள். மீன் சிறுத்துப்போகிறது, கரைக்கு வருவது குறைந்துவிட்டது என்றார்கள். ஆனால் அரசின் கணக்கு பெரும்பாலும் பெரிய கப்பல்களின் பிடிப்பை நம்பியிருந்தது. அந்தக் கப்பல்களிடம் மீன் கூட்டத்தைக் கண்டுபிடிக்கும் கருவிகள் இருந்தன. கடலில் மீதமிருந்த கொஞ்ச மீனும் எங்கே கூடியிருக்கிறதோ அங்கேயே நேராகப் போய் வலை போட்டார்கள். அதனால் பிடிப்பு நன்றாக இருப்பதாகவே கணக்கில் தெரிந்தது. இவ்வளவு மீன் பிடிக்கலாம் என்ற ஒதுக்கீட்டைக் குறைக்கச் சொன்னபோதெல்லாம் ‘வேலை போய்விடும்’ என்ற பதில்தான் வந்தது. இப்போது நீங்கள் சொல்கிற அதே பதில், பேரேடு.

1992 ஜூலை 2ஆம் தேதி காட் மீன் பிடிக்கவே தடை போட்டார்கள். சுமார் 30,000 பேருக்கு வேலை போனது. கனடா வரலாற்றில் ஒரே அடியாக அவ்வளவு பேர் வேலையிழந்தது அப்போதுதான் என்கிறார்கள். இரண்டு வருடத்துக்கு என்று போட்ட தடை 2024இல்தான் விலகியது. அதுவும் அந்த வருடம் 18,000 டன் பிடிக்க மட்டுமே அனுமதி. 8 லட்சம் எங்கே, 18,000 எங்கே.

வேலையைக் காப்பாற்றுகிறோம் என்று சொல்லியே வேலையின் வேரை அறுத்தார்கள். படிப்படியாகக் குறைத்திருந்தால் சிலருக்கு நஷ்டம் வந்திருக்கும், மாற்று வேலைக்கு அவகாசமும் கிடைத்திருக்கும். கடைசி வரை இழுத்ததால் எல்லாருக்கும் ஒரே நாளில் போனது. அந்தக் குடும்பத்துக்கு என்னிடம் இருக்கும் பதில் இதுதான்: மாற்றத்தின் செலவை அவர்கள் தலையில் மட்டும் கட்டாதீர்கள், லாபம் பார்த்தவர்களிடமிருந்து வாங்குங்கள். ஆனால் மாற்றத்தைத் தள்ளிப்போடாதீர்கள்.

#9 கேள்விக்குறி

நான் கல்லூரி மாணவன். ஒரு சந்தேகம். எல்லாவற்றையும் மறுசுழற்சி செய்துவிட்டால் இந்தப் பிரச்சினை தீர்ந்துவிடாதா?

#10 ஸ்பேனர்

தம்பி, மறுசுழற்சி நல்லதுதான். ஆனால் அதன் பேரைச் சொல்லி நம்மை நாமே ஏமாற்றிக்கொள்கிறோம். 2022இல் மட்டும் உலகத்தில் 6.2 கோடி டன் மின்னணுக் கழிவு சேர்ந்தது என்று ஐ.நா. அறிக்கை சொல்கிறது. அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகப் பதிவானது 22.3 சதவீதம். மீதி எங்கே போகிறது? குப்பைமேட்டுக்கு, இல்லையென்றால் வெறுங்கையால் ஒயரைக் கொளுத்திச் செம்பு எடுக்கிற ஏழைகளிடம். அதில் குழந்தைகளும் இருக்கிறார்கள். அந்தப் புகையில் ஈயமும் டயாக்சின் என்ற நச்சும் இருக்கும்.

ஒரு போனுக்குள் பல பத்து தனிமங்கள் இருக்கின்றன. தங்கம், செம்பு, கோபால்ட் போன்றவற்றைப் பிரித்தெடுக்கலாம். மற்றவை மிகச் சிறிய அளவில் ஒன்றோடொன்று கலந்து கிடப்பதால் பெரும்பாலும் போனது போனதுதான். உடைத்து உருக்குவதைவிட அதே போனை இன்னும் மூன்று வருடம் ஓட்டுவது எவ்வளவோ மேல்.

#11 தறிநாடா

இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். துணி பற்றித் திசைமானி அண்ணா சொன்னதால் எழுதுகிறேன்.

நான் ஏற்றுமதி ஆடை நிறுவனம் ஒன்றில் தரப் பரிசோதனையில் வேலை பார்த்தவள். வெளிநாட்டு பையர், அதாவது துணி வாங்கும் கம்பெனிக்காரர் ஒருவர், ஆர்டர் கொடுப்பார். ஷிப்மென்ட் தேதி முதலிலேயே முடிவாகிவிடும். அப்புறம் அவர்களே பட்டன் நிறத்தை மாற்றுவார்கள், அளவை மாற்றுவார்கள், சாம்பிளுக்கு ஒப்புதல் தரத் தாமதிப்பார்கள். ஆனால் தேதி மட்டும் மாறாது. கப்பலைத் தவறவிட்டால் விமானத்தில் அனுப்ப வேண்டும், அந்தச் செலவு நிறுவனத்தின் தலையில் விழும். அப்படி ஒரு ஆர்டர் விமானத்தில் போனால் அதில் வரவேண்டிய லாபம் மொத்தமும் போய்விடும். அதனால் கடைசி வாரத்தில் ராத்திரியும் லைன் ஓடும். தையலில் இருக்கிற பெண்கள் தண்ணீர் குடிக்கமாட்டார்கள். குடித்தால் எழுந்து போக வேண்டும், எழுந்தால் தைத்து முடிக்கிற பீஸ் கணக்கு குறையும், சூப்பர்வைசர் கத்துவார். பரிசோதனை மேசையில் நின்றுகொண்டு அவர்கள் உதடு காய்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

2013 ஏப்ரல் 24 அன்று டாக்கா பக்கத்தில் ராணா பிளாசா இடிந்து விழுந்தபோது எங்கள் தளத்தில் யாரும் சரியாகப் பேசவில்லை. முந்தின நாளே சுவரில் விரிசல் தெரிந்தது. கீழ்த்தளத்தில் இருந்த வங்கி தன் ஊழியர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டது. மேல் தளங்களில் இருந்த ஆடைத் தொழிலாளர்களை மட்டும் மறுநாள் காலை உள்ளே போகச் சொன்னார்கள். வராவிட்டால் சம்பளம் கிடையாது என்று மிரட்டப்பட்டதாகத் தப்பியவர்கள் சொன்னார்கள். 1,134 பேர் செத்துப்போனார்கள். எட்டு மாடிக் கட்டடம், மேல் மாடிகள் அனுமதியில்லாமல் கட்டியவை.

வங்கி ஊழியரும் தையல் பெண்ணும் ஒரே விரிசலைத்தான் பார்த்தார்கள். ஷிப்மென்ட் தேதி ஒருவருக்கு இருந்தது, இன்னொருவருக்கு இல்லை.

#12 திசைமானி

படித்துவிட்டு வெகுநேரம் எதுவும் எழுதத் தோன்றவில்லை, தங்கச்சி. ஆனாலும் கேட்கிறேன். அந்தத் துணி அவ்வளவு மலிவாக வேண்டும், வாரத்துக்கு ஒரு புது ரகம் வேண்டும் என்று யார் கேட்டது? நாம்தானே?

#13 வானம்பாடி

நாம்தானா என்பதையே கேட்டுப் பார்க்க வேண்டும். ஆசையும் தயாரிக்கப்படுகிற பொருள்தான்.

1929இல் நியூயார்க்கில் ஈஸ்டர் ஊர்வலத்தின்போது சில பெண்கள் நடுத்தெருவில் சிகரெட் பற்றவைத்துக்கொண்டு நடந்தார்கள். பெண்கள் பொது இடத்தில் புகைப்பது அப்போது அங்கே கேவலமாகக் கருதப்பட்டது. பெண் விடுதலைக்கான துணிச்சல் என்று செய்தித்தாள்கள் எழுதின. ஏற்பாடு செய்தவர் எட்வர்டு பெர்னேஸ், மக்கள் தொடர்புத் தொழிலின் முன்னோடிகளில் ஒருவர். கூலி கொடுத்தது ஒரு புகையிலை கம்பெனி. ஜனத்தொகையில் பாதிப் பேர் சிகரெட் வாங்காமல் இருந்தது அவர்களுக்கு உறுத்தியது. விடுதலை என்ற உண்மையான ஏக்கத்தை எடுத்து அதன் மேல் ஒரு நோயை ஒட்டினார்கள்.

அதே காலத்தில்தான் ஜெனரல் மோட்டார்ஸ் தலைவர் ஆல்ஃபிரட் ஸ்லோன் வருடா வருடம் காரின் தோற்றத்தை மாற்றும் வழக்கத்தைக் கொண்டுவந்தார். கார் நன்றாகத்தான் ஓடும், பக்கத்து வீட்டுக்காரர் காரைப் பார்த்ததும் மனசு மட்டும் கெட்டுப்போகும். இப்போது போன் விற்பதும் அந்த வழியில்தான்.

ஆசையைக் கிளப்பிவிட்டால் போதாது, கையில் காசும் வேண்டும். இல்லாதவருக்குக் கடன். அமெரிக்காவில் 2000களில் திருப்பிக் கட்ட வசதியில்லாதவர்களுக்கும் வீட்டுக்கடனை வலிந்து கொடுத்தார்கள். முதல் இரண்டு வருடம் வட்டி குறைவு, அப்புறம் எகிறும். கொடுத்தவர் கவலைப்படவில்லை, ஏனென்றால் அந்தக் கடனை அவர் உடனே வேறொருவருக்கு விற்றுவிட்டார். ஆயிரக்கணக்கான கடன்களை ஒன்றாகக் கட்டிப் பத்திரமாக்கி, மிக உயர்ந்த பாதுகாப்புத் தரமான மூன்று ஏ மதிப்பீடும் வாங்கி உலகம் முழுக்க விற்றார்கள். ஒவ்வொரு கைமாற்றத்திலும் ஒரு கமிஷன். வீட்டு விலை சரிந்ததும் எல்லாம் ஒன்றன் மேல் ஒன்றாக விழுந்தது. 2008 செப்டம்பர் 15 அன்று லேமன் பிரதர்ஸ் திவாலானது. மறு வருடம் அக்டோபரில் அமெரிக்காவில் வேலையில்லாதோர் 10 சதவீதம். லட்சக்கணக்கான குடும்பங்கள் வீட்டை இழந்தன. பெரிய வங்கிகளை மக்கள் வரிப்பணத்தில் தூக்கி நிறுத்தினார்கள். கமிஷன் வாங்கியவர்களில் எத்தனை பேர் அதைத் திருப்பிக் கொடுத்தார்கள்?

#14 பேரேடு

2008 பற்றி எனக்கும் உங்களுக்கும் கருத்து வேறுபாடே இல்லை. அது மோசடி, அவ்வளவுதான்.

ஆனால் வளர்ச்சியையே குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவதை என்னால் ஏற்க முடியாது. முதன்முதலாக ஒரு ஃபிரிட்ஜ் வாங்குகிற குடும்பத்தைப் பேராசைக்காரர்கள் என்பீர்களா? கையால் துவைத்தே முதுகு போன ஒரு பெண்ணுக்கு வாஷிங் மெஷின் ஆடம்பரமா? உலகில் கோடிக்கணக்கானோர் வறுமையிலிருந்து மேலே வந்ததே உற்பத்தி பெருகியதால்தான். தொழில்நுட்பம் முன்னேற முன்னேற ஒரே பொருளைச் செய்யக் குறைந்த கச்சாப்பொருள் போதும். தீர்வு அந்த வழியில் வரும் என்று நம்புகிறேன்.

#15 இளவேனில்

முதல் ஃபிரிட்ஜ் பேராசை இல்லை. அந்தப் பெண்ணுக்கு வாஷிங் மெஷின் உரிமை என்றே சொல்வேன். அவருக்குக் கிடைக்க வேண்டும் என்பதால்தான் மற்ற இடத்தில் விரயமாவதைப் பார்த்து எனக்குக் கோபம் வருகிறது. பணக்கார நாடுகளில் ஒருவர் பயன்படுத்தும் கச்சாப்பொருள் ஏழை நாடுகளில் ஒருவர் பயன்படுத்துவதைப் போல ஆறு மடங்கு என்று ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு 2024இல் சொன்னது. பூமியிலிருந்து தோண்டியும் வெட்டியும் எடுப்பது 1970இல் வருடத்துக்குச் சுமார் 3,000 கோடி டன், இப்போது 10,000 கோடி டன்னைத் தாண்டிவிட்டது. ஜனத்தொகை இந்தக் காலத்தில் இரண்டு மடங்கு சொச்சம்தான் கூடியிருக்கிறது.

இந்த ஐம்பது வருடத்தில் தொழில்நுட்பம் முன்னேறாமலா இருந்தது? 1865லேயே வில்லியம் ஸ்டான்லி ஜெவன்ஸ் என்ற பொருளியலாளர் இதைக் கவனித்துவிட்டார். குறைந்த நிலக்கரியில் ஓடும் நீராவி எந்திரம் வந்ததும் நிலக்கரிச் செலவு குறையவில்லை, கூடியது. எந்திரத்தை ஓட்டுவது மலிவானதால் இன்னும் பல இடங்களில் எந்திரத்தைப் போட்டார்கள். சிக்கனம் மட்டும் போதாது, மொத்தத்துக்கு ஒரு வரம்பு வேண்டும். அந்த வரம்பை சந்தை தானாகப் போட்டுக்கொள்ளாது.

வளர்ச்சியை எதை வைத்து அளக்கிறோம் என்பதும் இருக்கிறது. தேசிய வருமானக் கணக்கை வகுத்துக் கொடுத்த சைமன் குஸ்நெட்ஸே 1934இல் அமெரிக்க நாடாளுமன்றத்துக்குக் கொடுத்த அறிக்கையில், அந்த எண்ணை வைத்து மக்களின் நலத்தை முடிவு செய்ய முடியாது என்று எச்சரித்தார். ஸ்பேனர் அண்ணா ஒரு பேரிங்கை மாற்றினால் அந்தக் கணக்கில் கொஞ்சம்தான் ஏறும். மெஷினைத் தூக்கிப் போட்டுப் புதுசு வாங்கினால் நிறைய ஏறும். எது நாட்டுக்கு நல்லது?

திசைமானிக்கு நான் பாக்கி வைத்த பதில்: நம் பொறுப்பு இல்லை என்று நான் ஒருபோதும் சொல்லமாட்டேன். வாங்காமல் இருப்பதும் ஒரு செயல்தான். ஆனால் அத்தோடு நிறுத்திக்கொண்டால், தான் சுத்தமாக இருக்கிறோம் என்ற நிம்மதி மட்டும் மிஞ்சும். ஃபீபஸ் கூட்டணியை யாரோ ஒருவர் விளக்கை அணைத்துத் தோற்கடித்திருக்க முடியாது.

#16 திசைமானி

ஏற்கிறேன், பாதி. மீதிப் பாதிக்கு என்ன செய்யலாம் என்று யாராவது நடைமுறையாகச் சொல்லுங்கள்.

#17 தறிநாடா

நடந்த ஒன்றைச் சொல்கிறேன் அண்ணா. ராணா பிளாசாவுக்குப் பிறகு வங்கதேசத்தில் தீ, கட்டடப் பாதுகாப்பு ஒப்பந்தம் ஒன்று வந்தது. தொழிற்சங்கங்களும் 200க்கும் மேற்பட்ட பிராண்டுகளும் கையெழுத்துப் போட்டன. முன்பு கம்பெனிகள் தாங்களே எழுதிக்கொண்ட நல்லெண்ண வாக்குறுதி போல இல்லாமல் இது சட்டப்படி கட்டுப்படுத்துவது. 1,600க்கும் மேற்பட்ட ஆலைகளைச் சோதித்து, தீக்கதவு, மின்வயரிங், தூண்களின் பலம் என்று சரிசெய்ய வைத்தார்கள். எங்கள் துறையில் இருக்கிற எல்லாருக்கும் தெரியும், அதற்குப் பிறகு அங்கே ஆலைகள் பாதுகாப்பாகின. துணி விற்பது நின்றுவிடவில்லை.

சம்பளமும் வேலை நேரமும் அந்த ஒப்பந்தத்தில் வரவில்லை. அதற்கும் இதே மாதிரி ஒரு கட்டாயம் வேண்டும்.

#18 பேரேடு

இந்த மாதிரித் தீர்வுகளை நான் முழுமனதாக ஆதரிக்கிறேன். விதி எல்லாருக்கும் ஒன்றாக இருந்தால் நல்லபடி செய்கிறவன் போட்டியில் நஷ்டப்படமாட்டான். 1987 மான்ட்ரியல் ஒப்பந்தத்தில் ஓசோனைக் கெடுக்கும் சிஎஃப்சி வாயுக்களுக்குக் கட்டுப்பாடு வந்தபோதும் தொழில் நொடித்துவிடும் என்றுதான் சொன்னார்கள். ஃபிரிட்ஜ் கம்பெனிகள் வேறு வாயுவுக்கு மாறின, ஓசோன் படலமும் மெதுவாகத் தேறி வருகிறது. விலையில் உண்மையான செலவைச் சேர்க்க வேண்டும் என்பதும் என் கட்சிதான். ஆனால் இளவேனில், ‘மொத்தத்துக்கு வரம்பு’ என்றால் அதை யார் போடுவது, ஏழை நாடுகளின் பங்கை யார் காப்பது என்பதில் எனக்கு இன்னும் பயம் இருக்கிறது. அதை விட்டுக்கொடுக்கமாட்டேன்.

#19 இளவேனில்

விட்டுக்கொடுக்க வேண்டாம். அந்தப் பயம் நியாயமானது. வரம்பு பற்றித் தனி இழை தொடங்குங்கள், நானும் வருகிறேன்.

#20 கேள்விக்குறி

ஸ்பேனர் அண்ணா, வீட்டில் வாஷிங் மெஷின் வாங்கப் பேச்சு நடக்கிறது. டப் ஒட்டி வைத்ததா, ஸ்க்ரூ போட்டதா என்று வாங்குவதற்கு முன் எப்படிக் கண்டுபிடிப்பது?

#21 ஸ்பேனர்

வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது தம்பி. ஃபிரான்ஸில் 2021இல் போன், லேப்டாப், டிவி, வாஷிங் மெஷின் போன்றவற்றில் எவ்வளவு சுலபமாகப் பழுது பார்க்கலாம் என்று பத்துக்கு இத்தனை மதிப்பெண் என ஒட்ட வேண்டும் என்று விதி கொண்டுவந்தார்கள். நீ பார்க்கிற மாடல் அங்கேயும் விற்கிறதா, மதிப்பெண் எவ்வளவு என்று இணையத்தில் தேடிப் பார். மாடல் நம்பரைப் போட்டு ‘பேரிங் மாற்றுவது’ என்று வீடியோ தேடு. டப்பை ஸ்க்ரூ கழற்றித் திறக்கிறார்களா, ரம்பம் வைத்து அறுக்கிறார்களா என்று அதிலேயே தெரிந்துவிடும். வீடியோவே இல்லாவிட்டால் உங்கள் பக்கத்து மெக்கானிக்கைக் கேள், அவர் திறந்து பார்த்திருப்பார்.

விற்கிறவரிடம் இரண்டு கேள்வி. பேரிங்கும் சீலும் தனி ஸ்பேராகக் கிடைக்குமா? இந்த மாடலுக்கு எத்தனை வருடம் ஸ்பேர் கிடைக்கும்? பதிலை வாயால் வாங்காதே, பில்லிலோ மின்னஞ்சலிலோ எழுதி வாங்கு. எழுதித் தர மறுத்தால் வேறு கம்பெனி மாடலைப் பார்.

வாங்கிய பிறகு துணியை அளவுக்கு மேல் திணிக்காதே, சோப்புத்தூளையும் அள்ளிக் கொட்டாதே. இந்த இரண்டாலும் சீல் சீக்கிரம் கெடலாம்.